ஹைபிரிட் நிபுணர் ஸ்டியரிங் பிடித்தார்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவின் அகலம் எப்படியென்றால், எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒருவர் காலை ஊன்றி வழிவிட வேண்டும். அந்தத் தெருவுக்குள் ஒரு வேன் நுழைந்து, என் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்தது.

இறங்கியவருக்கு ஐம்பது வயது இருக்கும். சலவைச் சட்டை. கையில் லேமினேட் செய்த ஒரு தாள். கூடவே அவர் மனைவி.

"நீங்கதானே சார் வாரா வாரம் எழுதறவரு?"

தாளை நீட்டினார். பார்த்தால்... இதே பத்தி. மூன்று வாரத்துக்கு முன் ஹைபிரிட் கார்களைப் பற்றி நான் எழுதியது.

என் எழுத்தை லேமினேட் செய்த மனிதரை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அது மறுநாளே சமையலறை அலமாரியில் விரிக்கப்பட்டு, அதன்மேல் புளி டப்பா உட்கார்ந்துவிடும். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

பெயர் தனசேகர். மனைவி கலைவாணி. கனகசெட்டிக்குளம் பக்கத்தில் வீடு. அவருக்கு இங்கேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. கொஞ்சம் சவுக்குத் தோப்பு இருந்தது. ஈ.சி.ஆர். ரோட்டு ஓரம் என்பதால் நல்ல விலைக்குப் போய்விட்டது. பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்தது, மாடி கட்டியாகிவிட்டது. மிச்சத்தில் ஒரு கார்.

"தோப்ப வித்தாச்சு சார். இனிமே விக்கறதுக்கு ஒண்ணும் கெடையாது. எடுக்கப்போறது ஒரே வண்டி. இத படிச்சேன். எடுத்தா ஹைபிரிட்டுதான்னு முடிவு பண்ணிட்டேன்" என்றார் தனசேகர். "இவதான் வேணாங்கறா."

கலைவாணி பக்கம் திரும்பினேன். என் புத்தக அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடலூர் ரோடு ஷோரூமுக்கு மெட்ராஸ்லேருந்து ரெண்டு நாளைக்கு அந்த வண்டி வந்திருக்காம். நீங்க வந்து ஓட்டிப் பாத்து நல்லாருக்குன்னு சொல்லணும். சொன்னீங்கன்னா எடுத்துடுவோம். இல்லன்னா அந்தப் பேச்சையே நான் வுட்டுடணும். வூட்டுல அப்படித்தான் பேசி வெச்சிருக்கோம்."

இங்கேதான் உங்களிடம் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை வாரமாகச் சொல்ல விட்டுப்போய்விட்டது.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

பொய் எழுதினேன் என்று சண்டைக்கு வராதீர்கள். பழைய பத்திகளை எடுத்துப் பாருங்கள். 'நான் ஓட்டினேன்' என்று எங்காவது இருக்கிறதா? 'ஓட்டுபவருக்கு அலுப்பே தெரியாது' என்றுதான் இருக்கும். அந்த ஓட்டுபவர் யார் என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என்னிடம் இருப்பது ஒரு மொபெட். என் கார் ஞானம் முழுவதும் பிரவுசிங் சென்டரிலும், பிரான்சில் இருக்கும் நண்பன் அனுப்பும் கேட்லாக்குகளிலும் சம்பாதித்தது. கேட்லாக் பிரெஞ்சில் இருக்கும். படம் பார்ப்பேன்.

ஆனாலும் பாருங்கள், ஆர்வம் என்பது நிஜம். ஒரே காருக்குள் பெட்ரோல் இன்ஜினும் கரண்ட் மோட்டாரும், மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்படியில் சண்டையில்லாமல் சமைப்பது மாதிரி வேலை செய்கின்றன என்று படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பிரேக் பிடித்தால் பேட்டரி சார்ஜ் ஆகிறதாம். நின்றால் இன்ஜின் தானாக அணைகிறதாம். இதைப் பற்றி எழுதாமல் எப்படி இருப்பது?

அதோடு, நம் நாட்டில் யோசனை சொல்வதற்கும் அந்த வேலை தெரிவதற்கும் என்ன சம்பந்தம்? ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே போகிற பந்தை ஏன் தொட்டான் என்று டிவி முன்னால் கொதிக்கிறவர்களில் எத்தனை பேர் மட்டை பிடித்தவர்கள்? குடும்ப உறவுகள் பற்றிப் பத்தி எழுதும் என் நண்பர் ஒருவர் பிரம்மச்சாரி. நன்றாகவே எழுதுகிறார்.

இதையெல்லாம் தனசேகரிடம் சொல்ல முடியுமா? வாயைத் திறந்தேன். அதற்குள் காபியோடு என் மனைவி வந்தாள்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க. அவரு வண்டி எடுத்தா அப்படியே தண்ணி மாதிரி போவும்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு சிரித்தாள். இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியவர்களுக்கு மட்டும் வாய்க்கும் சிரிப்பு அது.

அவர்களுடைய வேனில் கிளம்பினோம். காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் கூட்டம் என்பதால் சுற்றிக்கொண்டு போனார் தனசேகர். பின்சீட்டிலிருந்து கலைவாணி முதல்முறையாகப் பேசினார்.

"ரெண்டு இன்ஜின் இருக்கற வண்டிய ஆரு சார் ஓட்டறது?"

நல்ல கேள்வி என்றேன். மோட்டார் எப்போது கை கொடுக்கும், பேட்டரி எங்கே இருக்கும், கம்ப்யூட்டர் எப்படி முடிவெடுக்கும்... வழியில் மூடியிருந்த ரயில்வே கேட் திறக்கும் வரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் சரி சார். ஓட்டறது ஆரு?"

"நாந்தான் ஓட்டுவேன். வேற ஆரு?" என்றார் தனசேகர். கலைவாணி ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஷோரூமில் எங்களை வரவேற்ற விற்பனை அதிகாரியின் பெயர் ஜெயந்தி. வண்டி வெள்ளி நிறத்தில் பளபளவென்று நின்றது. படத்தில் பார்த்ததைவிட அழகு. அதை ஒரு சுற்று சுற்றி வந்தேன். பிறகு பேச ஆரம்பித்தேன். பேட்டரி பின்சீட்டு முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்றேன். அதனால் டிக்கி சற்றுச் சின்னது என்றேன். ஜெயந்தி கையிலிருந்த நோட்டீஸை மூடிவிட்டார்.

"எங்க டிரெய்னரே இவ்ளோ சொல்லல சார்."

தனசேகர் மனைவியைப் பார்த்தார். பார்த்தியா என்கிற பார்வை. நான் இன்னும் ஓர் அங்குலம் உயர்ந்தேன். அந்த உயரத்தில் இருக்கும்போதுதான் ஜெயந்தி என்னிடம் சாவியை நீட்டினார்.

"மொதல்ல வாங்கப்போறவர் ஓட்டட்டும். அதுதான் முறை" என்றேன்.

"நீங்க ஓட்டுங்க சார், நான் பாக்கறேன்" என்றார் தனசேகர்.

"கண்ணாடி எடுத்துட்டு வரலையே..."

"போட்டிருக்கீங்களே சார்" என்றார் கலைவாணி.

"இது படிக்கற கண்ணாடி மா." யாரும் நம்பவில்லை. கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "லைசன்ஸ் கையில இல்ல." இது மட்டும் சத்தியமான வார்த்தை.

ஜெயந்தி சிரித்தார். "ரோட்டுக்குப் போகத்தான் சார் லைசன்ஸ். பின்னாடி எங்க யார்டு பெருசு. பின் கேட் வரைக்கும் போயிட்டு வாங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

தப்பிக்க வழியில்லை. தனசேகரும் கலைவாணியும் பின்சீட்டில் ஏறினார்கள். ஜெயந்தி என் பக்கத்தில். சர்வீஸ் ஆட்கள் இரண்டு பேர் கையைத் துடைத்துக்கொண்டே வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள்.

படித்ததையெல்லாம் ஞாபகப்படுத்தினேன். பிரேக்கை மிதித்தேன். சாவியைத் திருப்பினேன். இன்ஜின் உயிர் பெற்றது. கியரை 'டி' என்ற எழுத்துக்குத் தள்ளினேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

வண்டி நகர்ந்தது. நான் ஆக்சிலரேட்டரைத் தொடவேயில்லை. அதுவாகவே நகர்ந்தது. நானும் அதற்குள் இருந்தேன் என்பதைத் தவிர என் பங்கு எதுவும் இல்லை. பத்தடி... இருபதடி... முப்பதடி. 'ஸ்மூத்தா போவுது இல்ல?' என்று பின்னாலிருந்து தனசேகரின் குரல். எனக்கு வியர்வையும் பெருமையும் ஒன்றாக வழிந்தன. அடடா, இவ்வளவுதானா கார் என்று நினைத்தேன்.

கேட் கிட்டே வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. உடனே, சத்தமும் நின்றது.

இன்ஜின் செத்துவிட்டது. ஒரு முனகல்கூட இல்லை.  வாயால் சொல்ல முடியாத விலையுள்ள வண்டி, மெட்ராஸிலிருந்து வந்தது, ஊரிலேயே ஒன்றே ஒன்று — அதை நான் கொன்றுவிட்டேன்.

இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

"ஆஃப் ஆயிடுச்சு... நான் ஒண்ணும் பண்ணல மா. பிரேக்குதான் புடிச்சேன். எனக்குக் காரே ஓட்டத் தெரியாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

ஜெயந்தி மெதுவாக, "சார்... அது கெட்டுப் போகல. நின்னா இன்ஜின் தானா ஆஃப் ஆகும்" என்றார்.

பின்சீட்டில் பிளாஸ்டிக் சரசரத்தது. கலைவாணி படிக்க ஆரம்பித்தார். "'சிக்னலில் நின்றதும் இன்ஜின் சத்தமில்லாமல் உறங்கிவிடும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் கண் விழிக்கும்.' நீங்கதான் சார் எழுதியிருக்கீங்க."

தலைக்கு மேலிருந்த காரின் கண்ணாடியில் தனசேகரின் முகம் தெரிந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை.

"ஷிஃப்ட்டுல எல்லார்கிட்டயும் காட்டிட்டேன் சார் அந்தப் பேப்பர" என்று மட்டும் சொன்னார்.

வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில், நான் எழுதாமல் விட்டதையும் சொல்லிவிட்டேன். நம்ம ஊரில் பெட்ரோல் மலிவு. பக்கத்து மாநிலத்துக்காரர்களே எல்லை தாண்டி வந்து டேங்க் நிரப்பிக்கொண்டு போகிறார்கள். இந்த வண்டி மிச்சம் பிடிக்கிற பெட்ரோலில் இதன் கூடுதல் விலை என் ஆயுசுக்குள் திரும்பி வராது. ரிப்பேர் என்றால் இங்கே தொடக்கூட ஆள் இல்லை, சென்னைக்குத்தான் போக வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். எழுதினால் பத்தி சப்பென்று போய்விடும் என்று எழுதவில்லை. தோப்பு விற்ற காசு என் வார்த்தையை நம்பி வரும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. மன்னிச்சிடுங்க என்றேன்.

"சரி வுடுங்க சார்" என்றார் தனசேகர். மனைவியிடம் திரும்பினார். "பேச்சு பேச்சுதான். சாரு நல்லாருக்குன்னு சொல்லல. எறங்கு, கெளம்பலாம்."

கலைவாணி இறங்கவில்லை.

"சார், இப்ப கிளட்ச்சு மிதிச்சீங்களா?"

"இதுல கிளட்ச்சே இல்ல மா."

"கியரு?"

"ஒரே ஒரு தடவ தள்ளினேன்."

"இதுக்கு முன்னாடி ஒரு நாளாவது கார் ஓட்டியிருக்கீங்களா?"

"சத்தியமா இல்ல." இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது?

கலைவாணி கணவரைப் பார்த்தார். "போன வருஷம் டிரைவிங் ஸ்கூல்ல சேத்து வுட்டீங்க, ஞாபகம் இருக்கா? நாலாம் நாளு கிளட்ச்ச வுட்டுட்டேன். நடு ரோட்டுல நின்னு போச்சு. பின்னாடி பஸ்காரன் அடிச்ச ஹாரன் இன்னும் காதுல கேக்குது. சொல்லித் தர்றவரு என்னா பேச்சு பேசினாரு... அதோட நான் போவல. நீங்களும் ஏன்னு கேக்கல."

"நீ சொல்லலையே" என்றார் தனசேகர்.

"நீங்க ஷிஃப்ட்டுக்குப் போயிட்டா நான் பஸ்ஸுக்கு நிக்கறேன். வேன் வாசல்ல சும்மா நிக்குது. இப்ப கார் வந்தா அதுவும் நிக்கும், நானும் நிப்பேன். அதனாலதான் வேணான்னேன். வர்ற வழியெல்லாம் ஆரு ஓட்டறதுன்னு அதுக்குத்தான் கேட்டேன். இவரு பேட்டரியப் பத்திச் சொல்லிட்டு வர்றாரு."

தனசேகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும்தான்.

கலைவாணி கதவைத் திறந்து இறங்கினார். சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"எறங்குங்க சார்."

இறங்கினேன். அவர் உட்கார்ந்தார். சீட்டை முன்னுக்குத் தள்ளிக்கொண்டார், புடவையைக் கால் பக்கம் ஒதுக்கிக்கொண்டார். ஜெயந்தி பக்கத்திலிருந்து சொல்லச் சொல்ல, அகலமான இடத்தில் வண்டியைத் திருப்பி, யார்டின் மறு கோடி வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். என் முன்னால் நிறுத்தினார். இன்ஜின் அணைந்தது. அவர் பதறவில்லை. அணைந்த சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, காலை எடுத்தார். வண்டி கண் விழித்தது. மறுபடி மிதித்தார், மறுபடி எடுத்தார். குழந்தை லைட் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்குமே, அப்படி. பின்சீட்டில் தனசேகர் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் சிரிப்பா பயமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

கலைவாணி ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"வெல கூடத்தான். ரிப்பேருக்கு மெட்ராஸ் போவணும்னா நானே ஓட்டிட்டுப் போறேன். புக்கிங் எழுதிக்கங்க மா" என்றார் ஜெயந்தியிடம்.

"சாரு நல்லாருக்குன்னு சொல்லலையே" என்றார் தனசேகர், பலவீனமாக.

"அவரு சொல்லவே வேணாம்" என்று என்னைக் கைகாட்டினார் கலைவாணி. "இவருக்கே வருது. எனக்கு வராதா?"

இத்தனை வாரம் பக்கம் பக்கமாக எழுதியும் ஒரு காரைக்கூட விற்காதவன், முப்பதடி ஓட்டி ஒன்றை விற்றிருக்கிறேன். வாங்கலாமா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டிருக்கும் வாசகர்கள் தகவல் சொன்னால், நேரில் வந்து ஓட்டத் தெரியாமல் ஓட்டிக் காட்டுகிறேன்.