பெஞ்சுக்கே வந்த பால்

முத்தியால்பேட்டையில் நான் படித்த அரசுப் பள்ளியை நினைத்தால் முதலில் வருவது பால் வாசனைதான். பாடம் ஒன்றும் நினைவில் இல்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருடங்களில், ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரின் அரசுப் பள்ளிகளில் காலையில் சூடான பாலும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். வராந்தாவில் பெரிய பாத்திரத்தை இறக்கி மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று ஆவி எழும்பும். அந்த ஆவிக்குள் பிள்ளைகள் டம்ளரோடு நகர்வது, பாதித் தூக்கத்தில் இருந்த எனக்கு மேகத்துக்குள் ஏதோ ஊர்வலம் போவது போல் தெரியும்.

அந்த வரிசையில் நான் இல்லை. அம்மாவின் கட்டளை அப்படி.

"நாம சொல்தா வீடு. டம்ளர தூக்கினு வரிசையில போயி நிக்கக் கூடாது, புரியுதா?"

சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். அம்மாவின் அப்பா அப்படி ஒருவர். அவர் போனபோதே பென்ஷனும் போய்விட்டது. எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் அப்பா வேலை பார்த்த கம்பெனியையும் மூடிவிட்டார்கள். மிச்சம் இருந்தது பெயர்தான். அதை வைத்து நாக்கு வழிக்கவா? ஒரு டம்ளர் வரக்காப்பியைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கு வந்து, ஆவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். அவ்வளவு பசிக்கும். அம்மா மீது கோபம் கோபமாக வரும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வராந்தா முழுக்கச் சாரல். பாலை வகுப்புக்குள்ளேயே கொண்டுவரச் சொல்லிவிட்டார் எங்கள் டீச்சர்.

"யாரும் எழுந்திருக்க வேணாம். இருந்த எடத்துலயே குடிங்க."

பால் ஊற்றும் அக்கா ஜக்கோடு பெஞ்சு பெஞ்சாக வந்தார். டம்ளர் இல்லாத என் முன்னால் டீச்சர் தன் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். நான் வக்கீல் மாதிரி யோசித்தேன். அம்மா வரிசையில் நிற்கத்தானே கூடாது என்றாள்? நான் உட்கார்ந்துதான் இருக்கிறேன். பால்தான் எழுந்து வந்திருக்கிறது.

குடித்தேன். வெளியே மழை, உள்ளே மங்கலான வெளிச்சம், இரண்டு கைக்குள்ளும் சூடு. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தது போல இருந்தது. மழை விடவே கூடாது என்று தினமும் சாமியை வேண்டிக்கொண்டேன். சாமியும் கேட்டது.

ஒருநாள் காலை, வாயோரம் பால் நுரையோடு நிமிர்ந்தால், வகுப்பு வாசலில் அம்மா. நான் மறந்துவிட்டு வந்த குடையை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"நான் வரிசையில நிக்கலம்மா!" என்று கத்தியேவிட்டேன். வகுப்பே சிரித்தது.

அம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. டீச்சர்தான் எழுந்து போனார்.

"உள்ள வாங்கம்மா, நனைஞ்சிட்டீங்களே. மழைக்குப் பாதிப் பேர் வரல, பால் மீந்து கெடக்கு. உக்காருங்க."

"வேணாம் டீச்சர். இப்பதான் சாப்ட்டு வந்தேன்."

டீச்சர் காதில் வாங்கவில்லை. என் பக்கத்தில் இடம் பண்ணி, இன்னொரு டம்ளர் பாலை அம்மாவின் கையிலேயே கொடுத்துவிட்டார். அம்மா என்னைப் பார்க்காமல் உட்கார்ந்தாள். ஆவி பறந்த பாலை ஊதக்கூட இல்லாமல் ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

எங்கள் வீட்டில் பசிப்பது எனக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.