இருமும் கார்

ரோய் ட்ரெலோர் கார்புரேட்டரின் மிதவையைக் காதோரம் வைத்துக் குலுக்குகிறார். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் ஓட்டை என்று அர்த்தம். சலசலக்கவில்லை, போன வாரமும் சலசலக்கவில்லை. மற்ற உறுப்புகள் ஐஸ்கிரீம் டப்பாவில் ஸ்பிரிட்டில் ஊறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்து, வாயால் ஊதி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, துளையைக் கிடார் கம்பியால் குடைகிறார். கம்பி மகன் க்ளெனுடையது. கொட்டகையில் நிற்கும் பழைய ஹோல்டன் காரும் அவனுடையதுதான். மீன் பிடிக்கப் படகேறிப் போனவன் திரும்பவில்லை. வல்லாரூ படகுத்துறையில் அநாதையாக நின்ற காரை ரோய்தான் ஓட்டிக்கொண்டு வந்தார்.

"வயசான வண்டி. காலையில எழுப்பினா முனகத்தான் செய்யும்" என்பார் மனைவி லோர்னாவிடம்.

"நானும் வயசானவதான். எழுந்து உங்களுக்கு முட்டை பொரிச்சுப் போட்டாச்சு. அது என்ன மகாராணியா?"

ரோய் சிரிக்க மாட்டார். டீயை ஆறவிட்டுத்தான் குடிப்பார். நாள் முழுக்க ரேடியோவில் கிரிக்கெட் ஓடும். யார் ஜெயித்தது என்று கேட்டால் விழிப்பார்.

லோர்னாவின் முழங்கால்கள் போய்விட்டன. அடிலெய்டில் மகள் கெரி இவர்களுக்கென்று ஓர் அறை ஒதுக்கி வைத்திருக்கிறாள். பேரப்பிள்ளைகளின் சத்தத்துக்கு ஏங்கிக் கிடக்கிறாள் லோர்னா. அங்கே காரை நிறுத்தக் கொட்டகை கிடையாது. ரோய் முரண்டு பிடிக்கவில்லை. "வண்டி வித்த மறுநாளே கிளம்பிடலாம்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். சொன்ன சொல் தவறாத மனுஷர்.

இன்று காலை டேரில் என்பவன் வாங்க வந்தான். சாவியைத் திருப்பினான். கார் இருமியது, குலுங்கியது, அடங்கிவிட்டது.

"என்ன பெரிசு, போன்ல தேர் மாதிரி ஓடும்னீரு?"

"குளிரு தம்பி. கார்புரேட்டரை இன்னொரு தடவ கழட்டிப் பாக்கறேன்."

"நாளைக்கும் கிளம்பலேன்னா எனக்கு வேணாம்."

மாலையில் துவைக்கப் போட்ட ரோயின் சட்டைப் பையில் லோர்னாவின் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. மிளகளவு எஃகுக் குண்டு. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். க்ளென் இருந்தபோது, அவள் டீ கொண்டுபோன ஒரு நாள், ரோய் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கார்புரேட்டர்ல இந்தக் குண்டு இல்லேன்னு வையி, ஆக்ஸிலரேட்டர மிதிக்கறப்ப போற பெட்ரோலெல்லாம் வந்த வழியே திரும்பிப் போயிரும். குளிர்ல வண்டி இருமும். கிளம்பாது."

இத்தனை நாள் இருமியது வண்டியில்லை, அவர்தான். குண்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டி இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டும் என்று கொட்டகை வரை நொண்டி நொண்டிப் போனாள். ரோய் ஓட்டுநர் இருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். க்ளென் தனக்கு வாகாகப் பின்னால் தள்ளிவைத்த இருக்கை. கால் சரியாக எட்டாவிட்டாலும் ரோய் அதை நகர்த்தியதே இல்லை. அவள் திரும்பிவிட்டாள்.

கெரி போன் செய்தாள். "ரூமுக்கு என்ன கலர் பெயின்ட் அடிக்கட்டும்மா?"

"பொறு கண்ணு. அப்பா இன்னும் வண்டியப் பாத்துக்கிட்டு இருக்காரு."

சட்டையைத் துவைத்து, அடுப்பருகே காயவைத்து, இஸ்திரி போட்டாள். குண்டைப் பழையபடி பைக்குள் போட்டு, பைப் பொத்தானை மாட்டினாள்.