தொண்ணூறில் நடுங்கிய பிக்கப்

வேகமுள் தொண்ணூறை நெருங்கியதும் முதலில் கூசுவது என் பற்கள்தான். பிறகு இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி முதுகு வழியாக ஏறும், முன்கண்ணாடிக்குக் கீழே அம்மா ஒட்டிவைத்த பிள்ளையார் தலையாட்டத் தொடங்குவார், கதவுக் கைப்பிடி கடகடக்கும், அப்பா மட்டும் ஒன்றுமே நடக்காதவர்போல ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "இது ரோட்டுப் பிழை" என்பார். மொன்றியல் ரோட்டுகளின் குண்டும் குழியும் எல்லோரும் அறிந்தவை என்பதால், கொஞ்ச நாள் நாங்களும் அதை நம்பினோம்.

அந்தப் பிக்கப், அப்பா வேலைசெய்த புவாண்ட்-கிளேர் கிடங்கில் கூட வேலைசெய்த ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து வந்தது. அப்பாவின் வயதை ஒத்த பழைய அமெரிக்க வண்டி. அந்தப் பிரெஞ்சுக்காரரின் மகன் அழகுக்காக அதைத் தரையோடு தரையாகப் பதித்து இறக்கியிருந்தான். லாசால் பகுதியில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் அது நின்றால், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் மாடுபோல இருக்கும். எங்கள் ஆட்கள் அதற்கு "இடுப்பொடிஞ்ச லொறி" என்று பெயர் வைத்தார்கள். அப்பாவுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் மூக்குநுனி சிவந்துவிடும்.

அந்த வண்டி வாங்கிய வசந்தத்தில்தான் பெரியம்மா ஊரிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்திருந்தார். அம்மாவின் ஒரே அக்கா, மகன் கூப்பிட்டு வந்தவர். அவர்கள் இருவருக்கும் ஒரு தம்பி இருந்தார், எனக்குச் சின்ன மாமா, நான் படத்தில் மட்டும் பார்த்தவர். ஊரில் சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் காய்ச்சல் கண்டு, மருந்து கிடைக்காமல், பெரியம்மாவின் மடியில் இறந்தவர். அம்மா அப்போது இங்கே, ஒரு உணவகச் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். தம்பி கடைசி நேரத்தில் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னதாக அம்மாவுக்குத் தெரியும், என்ன சொன்னார் என்று மட்டும் தெரியாது. தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் பெரியம்மா, "போனிலை சொல்லுற கதையில்லை பிள்ளை. நீ வா, பக்கத்திலை இருத்தி வைச்சுச் சொல்லுறன்" என்றே சொன்னார். அம்மாவுக்கு அந்தக் கோடை முழுவதும் வேறு நினைப்பே இருக்கவில்லை.

பஸ்ஸில் போயிருந்தால் காலையில் ஏறிப் பின்னேரம் அக்காவின் பக்கத்தில் இருந்திருக்கலாம். அதற்கு அப்பா விடவில்லை. சில வருடங்களுக்கு முன் ரொறன்ரோவில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, மண்டபத்து வாசலில் யாரோ ஒரு அம்மா சாதாரணமாக, "நீங்கள் பஸ்ஸிலையோ வந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வி அப்பாவுக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. இனி ரொறன்ரோ மண்ணை மிதித்தால் சொந்த வாகனத்தில்தான் என்று முடிவெடுத்துவிட்டார். எங்கள் ஆட்களின் இந்த வாகனப் பைத்தியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

ஆகவே சனிக்கிழமைதோறும் அப்பா வண்டிக்கு அடியில் கிடந்தார். ரயர்களைச் சமநிலைப்படுத்திப் பார்த்தார், நடுக்கம் போகவில்லை. என்ஜினிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழன்றுகொண்டே போகும் நீண்ட இரும்புக் குழாயை, அவர் பாஷையில் "ஷாஃப்டை", கழற்றி அதன் இரண்டு முனை மூட்டுகளையும் புதிதாகப் போட்டார், அப்போதும் போகவில்லை. ஷாஃப்டைப் பட்டறையில் கொடுத்துச் சமநிலை பார்த்து வாங்கி வந்தார். தொண்ணூறில் பிள்ளையார் முன்னையிலும் பார்க்க உற்சாகமாக ஆடினார். "அடுத்த சனி கட்டாயம் போறம்" என்பது எங்கள் வீட்டின் வாராந்த வாக்குறுதியாயிற்று. ஒவ்வொரு வெள்ளியும் அம்மா அக்காவுக்கென்று பயத்தம் பணியாரம் சுடுவார், ஞாயிற்றுக்கிழமை அதை நாங்களே சாப்பிடுவோம். அந்தக் கோடையில் நான் நன்றாகக் கொழுத்தேன்.

ஒருமுறை வெளிக்கிட்டும் பார்த்தோம். எண்பதுக்கு மேலே போகாமல், பெரிய லொறிகள் பின்னால் ஹோர்ன் அடிக்க அடிக்க ஊர்ந்து ஒன்ராரியோ எல்லையைத் தாண்டியதும், கீழேயிருந்து இரும்பை இரும்பால் அடிப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. ஷாஃப்ட் கழன்று விழுந்துவிடும் என்று பயந்து அப்பா திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். பணியாரப் பெட்டியை மடியில் வைத்திருந்த அம்மா, வீட்டு வாசலில் இறங்கியபின்தான் வாய் திறந்தார்.

"நான் நாளைக்கு பஸ்ஸிலை போறன்."

"வாசல்லை வாகனம் நிக்க, நீர் பஸ்ஸிலை போறதோ? பாக்கிற சனம் என்ன சொல்லும்? இன்னும் ஒரு கிழமை பொறும்."

அம்மா பொறுத்தார். ஏன் பொறுத்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்தக் கிழமை அப்பா சரியான இடத்தைத்தான் கண்டுபிடித்தார். வண்டியைப் பதித்து இறக்கியதால், ஷாஃப்ட் முன்னும் பின்னும் பொருந்தும் சரிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. பின்சக்கரங்களின் அச்சுக்கும் அதோடு வண்டியைத் தாங்கும் வில்லுக்கும் இடையில் ஒரு இரும்பு ஆப்பு செருகினால் சரிவு நேராகிவிடும். ஆனால் அவர் வண்டியை ஜாக்கில் தூக்கி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க அளந்தார், அப்படித் தொங்கும்போது சரிவே மாறிவிடும் என்று யோசிக்கவில்லை, அந்த அளவை நம்பி ஆப்பை மறுபக்கமாக வைத்துவிட்டார். அன்று அறுபதிலேயே நடுங்கியது. ஆப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் ரொறன்ரோவிலிருந்து பெரியம்மாவின் மகன் அழைத்தான். பெரியம்மாவுக்குப் பாரிசவாதம், வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சில்லை.

மறுநாள் காலை மூவரும் பஸ்ஸில்தான் போனோம். எதில் வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பெரியம்மா அம்மாவை அடையாளம் கண்டுகொண்டார். கண்ணீர் வழிந்தது, வாய் கோணித் திறந்தது, "ஆ... ஆ..." என்ற சத்தத்துக்கு மேலே ஒன்றும் வரவில்லை. அம்மா காதோடு குனிந்து, "அக்கா, தம்பி என்ன சொன்னவன்?" என்று கேட்டார். பெரியம்மா இடது கையால் கட்டில் விரிப்பை அடித்தார், திரும்பத் திரும்ப அடித்தார். அம்மா அவருடைய வாயைத் துடைத்துவிட்டார். பிறகு அவரிடம் அதைக் கேட்கவில்லை.

இலையுதிர்காலத்தில் அப்பா, சக்கரங்கள் தரையில் நிற்க, வண்டியின் பாரம் முழுவதும் அவற்றின்மேல் இருக்க, அடியில் ஊர்ந்து போய்த் திரும்ப அளந்தார். ஆப்பை மாற்றி வைத்தார். ஓடிப் பார்த்துவிட்டு ஒரே ஓட்டமாகப் படியேறி வந்தார்.

"இஞ்சேரும், இப்ப ஆடேல்லை. நூறிலையும் ஆடேல்லை. வாரும், ஒருக்கா ஓடிப்பாப்பம்."

அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இனி ஆடினா எனக்கென்ன, ஆடாட்டி எனக்கென்ன."

அப்பா என்னை ஏற்றிக்கொண்டு போனார். முள் நூறைத் தாண்டியது, கைப்பிடி கடகடக்கவில்லை. வீடு திரும்பும்வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பனி விழுமுன் வண்டியை விற்றுவிட்டார்.

பெரியம்மா அப்படியே, பேச்சில்லாமல், சில வருடங்கள் இருந்துவிட்டுப் போனார். அப்பாவும் போய்விட்டார். லாசால் அடுக்குமாடிக்குப் பின்னாலிருந்த வெட்டைவெளியில் இப்போது புதுக் கட்டடம் நிற்கிறது. அம்மா என்னோடு இருக்கிறார், என் கார் நூற்றிருபதிலும் அலுங்காது. ரொறன்ரோவில் கல்யாணம், செத்தவீடு என்று போகும்போதெல்லாம் அவர் பெரியம்மாவின் மகனைத் தனியே கூப்பிட்டு, "தம்பி கடைசியிலை என்ன சொன்னவன் எண்டு அக்கா உன்னட்டை எப்பவாவது சொன்னவவோ?" என்று கேட்பார். "இல்லைச் சின்னம்மா" என்பான். போன மாதமும் கேட்டார். அவனுக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவரும் இப்போது இல்லை.