பொட்டு வழியே போன மூச்சு

போன கிழமை கொழும்பில், ஒரு டொக்டரின் அறையில் நடந்தவை:

1. தாதி என் கையில் பிரஷர் பார்க்கும் பட்டியைச் சுற்றினார்.
2. ரப்பர் குமிழை அமுக்கினார். பழைய ரப்பர் மணம் வந்தது.
3. நான் என்னை அறியாமல் நாலு எண்ணி மூச்சை இழுத்து, எட்டு எண்ணி விட்டேன்.
4. யோகாசனம் செய்கிறவளா என்று கேட்டார்.

இல்லை, செய்தவர்களுக்குப் பிரஷர் பார்த்தவள். அதுவும் பிழையாகத் திட்டம் போட்டுப் பார்த்தவள்.

தொண்ணூறுகளின் தொடக்கம், எங்கள் ஊர் இணுவில். ஆய்வுகூடப் பயிற்சி முடித்த புதிது. எதற்கும் கோடு போட்டு அட்டவணை கீறுவேன், சமையலுக்குக்கூட. யுத்தகாலப் பொருளாதாரத் தடையால் பிரஷர் மருந்துக் குளிசை ஊருக்கு வருவதில்லை. மூச்சுப் பயிற்சியால் பிரஷர் இறங்குமா என்று பார்க்க எங்கள் ஆஸ்பத்திரி டொக்டர் விரும்பினார். ஒரே ஒழுங்கையில், ஒரு சின்னத் தெருவில், பிரஷர் உள்ள இருபது பெண்கள். பாதிப்பேர் மூன்று மாதம் காலையில் வாசிகசாலையில் பயிற்சி செய்வார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் இருப்பார்கள், அவர்களுக்குப் பிறகு பழக்குவோம். யார் எந்தக் குழு என்று சீட்டுக் குலுக்கியது நான். பாரபட்சமில்லாத குலுக்கல் என்று எனக்கு ஒரே பெருமை.

வேலிகளை மட்டும் மறந்துபோனேன். எங்கள் ஊர் ஓலைவேலிகளில் பொட்டு இருக்கும், ஒரு ஆள் குனிந்து போகுமளவு இடைவெளி. கறி, அடுப்புத் தணல், ஊர்க்கதை எல்லாம் அதற்குள்ளால்தான் போகும்.

ஆறாம் கிழமை, செய்யாத குழுவுக்கும் பிரஷர் இறங்கியது. கருவி பிழையென்று நினைத்து இரண்டு தரம் பாதரசத்தைச் சரிபார்த்தேன். பிறகு ஒருநாள் காலை மணியக்கா வீட்டுக்குப் போனேன். அவர் செய்யாத குழு. இருபது பேரிலும் ஆகக் கூடிய பிரஷர் அவருக்குத்தான். பொட்டுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சரசக்கா, செய்கிற குழு. இருவரும் சப்பாணி கட்டி, கண் மூடி, ஒரு மூக்கைப் பொத்திக்கொண்டு.

"மணியக்கா, நீங்கள் செய்யாத குழு எல்லே?"

ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "ஓம் பிள்ளை. அதுதானே நான் வாசிகசாலைக்கு வாறேல்லை."

சரசக்கா கண்ணே திறக்கவில்லை. "உந்த மணியக்காவுக்குக் குளிசை முடிஞ்சு மூண்டு மாசம். நான் மட்டும் மூச்சுப் பிடிச்சுப் பிழைக்கிறதோ?"

இன்னும் ஆறு கிழமைக்கு நிறுத்துங்கள் என்று சொல்லவேண்டியவள் நான். சொன்னால் மணியக்கா கேட்டிருப்பார். வாய்வரை வந்தது. கையை நீட்டச் சொல்லி அளந்துவிட்டு வந்தேன்.

கண்டதைச் சொன்னதும், "நிப்பாட்டச் சொன்னீரோ?" என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றேன். அட்டவணையை மடித்து வைத்தார். "அப்ப ஆய்வு முடிஞ்சுது. நாளைக்கு மற்றக் குழுவையும் வாசிகசாலைக்கு வரச் சொல்லும்."

விசாரித்ததில், செய்யாத குழுவில் உண்மையாகவே செய்யாதவர் ஒருவர்தான். காணிச் சண்டையில் பொட்டை அடைத்து வைத்திருந்தவர். அவருக்கு மட்டும் பிரஷர் இறங்கவேயில்லை. ஒருவரை வைத்து எதையும் நிறுவ முடியாது என்றார் டொக்டர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில், யுத்தத்துக்கு அஞ்சி ஊரே வெளியேறியபோது, அளவுகள் எழுதின கொப்பிகளை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு நடந்தோம். போய்வந்தவர்கள் சொல்வது: அலுமாரி இல்லை, வாசிகசாலைக்குக் கூரை இல்லை, ஒழுங்கையில் வேலிகளும் இல்லை. மணியக்கா சரசக்காவோடு கிளிநொச்சிப் பக்கம் போனதாகக் கேள்வி. என் நினைவில் மிஞ்சியிருப்பது அவருடைய கடைசி அளவு: நூற்று நாற்பது, தொண்ணூறு. அதற்குப் பிறகு அவருக்கு யாரும் அளந்தார்களா என்று தெரியாது.