டப்பாவைக் கீழே வை

இது நடந்தது அறுபதுகளின் தொடக்கத்தில், பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்பில். நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாரோ ஒரு கிழவன் பேசுகிறான் என்று பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

நான் அஞ்சாம் வகுப்பு தாண்டாதவன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மாற்று வேட்டிகூட இல்லாமல் வந்து இறங்கியவன். தாராவித் தோல் கிடங்கில் நாற்றத்தோடு நாற்றமாகக் கிடந்து தொழில் படித்தேன். நாணலும் சேறுமாக இருந்த ஓரத்தில் கல்லையும் மண்ணையும் கொட்டி மேடாக்கித் தகரக் கோலி போட்டேன். கோலி என்றால் பம்பாயில் ஒற்றை அறை வீடு. அந்தக் கோலியின் பரணில் ஒரு தையல் மிஷினை ஏற்றி பெல்ட் பட்டறை தொடங்கினேன். மழை கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது, மறுபடி போட்டேன். எங்கள் சந்துக்குத் தண்ணீர்க் குழாய் வந்ததே, அது நான் முனிசிபாலிட்டி ஆபீஸ் வாசலில் உட்கார்ந்த உட்காரலுக்குப் பயந்துதான் வந்தது. இன்று அந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்களுக்கு இது தெரியாது. தெரியட்டும்.

இவ்வளவையும் செய்தவனால், பெற்ற பிள்ளையின் வாயிலிருந்து ஒரு சொல்லை வரவழைக்க முடியவில்லை.

மூத்த பையன். மற்றப் பிள்ளைகள் ஓடுகிற வயதில்தான் இவன் உட்காரவே ஆரம்பித்தான். முகம் வட்டமாக இருக்கும்; நாக்கு கொஞ்சம் வெளியே நிற்கும்; யாரைப் பார்த்தாலும் சிரிப்பான். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், "மெதுவாத்தான் வளருவான். விடாம சொல்லிக் குடுத்துக்கிட்டே இருங்க. ஒரே விஷயத்தை ஒரே மாதிரி, தெனமும்" என்றார். மருந்து எழுதித் தரவில்லை. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

எதைச் சொல்லிக் கொடுப்பது? எனக்கு முதலில் தெரிந்த கஷ்டம் கக்கூஸ்தான். அன்றைக்கு எங்கள் சந்துக்கே பொதுக் கக்கூஸ். தகர டப்பாவில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்க வேண்டும். காலையில் மில் சங்கு ஊதியதும் ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் டப்பா என்று புறப்பட்டுவிடுவேன். அவனை உட்காரவைத்து எதிரில் நானும் குந்திக்கொண்டு, "ஆயி... ஆயி..." என்பேன். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லவா வேண்டும்? எல்லார் வீட்டிலும் 'அந்த வேலை'க்கு அதுதானே பெயர். மழையானாலும் பண்டிகையானாலும் விட்டதில்லை. நானோ பட்டறைக்கு முதலாளி; சரக்கு கேட்டு வியாபாரி காத்திருப்பான். நான் கக்கூஸ் வாசலில் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன்.

ஐந்து வயது முடிகிற சமயம், ஒரு சாயங்காலம், பையன் தெளிவாகச் சொன்னான்: "ஆயி."

எனக்குத் தலை கால் புரியவில்லை. டப்பாவையும் அவனையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். மறுநாள் பட்டறையில் எல்லோருக்கும் ஜிலேபி. "நான் படிச்சுக் குடுத்தது. இனிமே கேட்டுட்டுத்தான் போவான்" என்று சந்து முழுக்கச் சொல்லிவிட்டேன்.

ஆனால் அவன் ஆயி என்பான், தூக்கிக்கொண்டு ஓடுவோம், ஒன்றும் வராது. திரும்பக் கூட்டிவந்தால் மறுபடி ஆயி. மறுபடி ஓட்டம். பிள்ளைதானே என்று வரிசையில் நிற்பவர்கள் முதலில் வழிவிட்டார்கள். பிறகு எங்கள் ஊர்க்காரர் ஒருவரே கேட்டார்: "அண்ணாச்சி, பிள்ள பேரச் சொல்லிக்கிட்டு நீங்கல்லா முன்னால போயிட்டு வாரிய?" வரிசையே சிரித்தது. தூக்கும்போதெல்லாம் பையன் கையைக் காலை உதைத்து அழுவான். பிடிவாதம் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரியின் அண்ணன் ஊரிலிருந்து வந்தார். நல்ல மனிதர். தங்கைக்கு அப்போது அடுத்த பிள்ளை வயிற்றில். பகலெல்லாம் பட்டறையில் பெல்ட்டுக்குப் பசை தடவிக்கொண்டிருப்பாள். பையனை எதிர்க் கோலி மராத்திக்கார அம்மாள் பார்த்துக்கொள்வாள். இதையெல்லாம் பார்த்துவிட்டு மச்சான் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மாப்ளே, நீரு பட்டறையப் பாப்பீரா, இவனப் பாப்பீரா? எங்கூட அனுப்பும். தோட்டத்துல ஒரு ஓரமா இருந்துட்டுப் போறான். கஞ்சிக்கா பஞ்சம்?"

நான் வீட்டுக்காரியைப் பார்த்தேன். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் பையனின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து அண்ணன் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குச் சம்மதமா?" என்றேன்.

"அங்க போனா என்னைய மறந்துருவான்னு அழுவேன்னு நெனைக்கியளா? மறக்கதுக்கு மொதல்ல தெரியணும்லா. நான் அவனுக்கு யாருன்னே அவனுக்குத் தெரியல. ஒரே ஒரு தடவ என்னைய அம்மான்னு சொல்லியிருந்தான்னா, எங்கண்ணன் இல்ல, எமனே வந்தாலும் விடுவனா?"

மச்சானைப் பார்த்துச் சரி என்று தலையாட்டினேன்.

புறப்படுகிற நாள். மத்தியானம் வி.டி. ஸ்டேஷனில் மெட்ராஸ் ரயில். மச்சான் பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். பையன் வழக்கம்போல எதிர்க் கோலிப் படியில் உட்கார்ந்திருந்தான். மராத்திக்கார அம்மாள் பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரி குழாயடியிலிருந்து இடுப்பில் குடத்தோடு வந்தாள்.

பையன் கையை நீட்டினான். "ஆயி!"

ரயிலேறுவதற்கு முன்னால் முடித்துவிடட்டும் என்று டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அவனைத் தூக்கினேன். வில்லாக வளைந்து அலறினான். "ஆயி! ஆயி!"

"பாத்தீரா? ரயில்லயும் இதே தொல்லதான்" என்றார் மச்சான்.

அந்த அம்மாள் முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். "டப்பா நீச்சே ரக்கோ!"

டப்பாவைக் கீழே வை என்கிறாள். முனிசிபாலிட்டி ஆபீசரே என்னிடம் அப்படிப் பேசியதில்லை. "காய்கோ, பாயி?" என்றேன், ஏன் அம்மா என்று.

"ஓ டட்டி நஹி மாங்தா. ஆயி கோ புலாதா ஹை!" அவன் கக்கூசு கேட்கவில்லை, ஆயியைக் கூப்பிடுகிறான்.

எனக்கு விளங்கவில்லை. ஆயி என்றால் அதுதானே? அந்த நேரம் பார்த்து அவள் மகள் உள்ளேயிருந்து கத்தினாள்: "ஆயீ, பூக் லாக்லி!" பசிக்கிறதாம். அந்த அம்மாள் தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினாள். "மை இஸ்கி ஆயி." பிறகு என் வீட்டுக்காரியைக் காட்டினாள். "ஏ இஸ்கி ஆயி."

மராத்தியில் ஆயி என்றால் அம்மா!

அவள் பிள்ளைகள் அவளை அப்படிக் கூப்பிடுவது எங்கள் காதில் விழாமலா இருந்தது? வருஷக்கணக்காக விழுந்தது. அவர்கள் பாஷை அவர்களுக்கு, நம் பிள்ளை நம் பாஷைதான் பேசுவான் என்று இருந்துவிட்டோம்.

டப்பாவைக் கீழே வைத்தேன். பையனையும் இறக்கினேன். அந்த அம்மாள் அவன் முன்னால் குந்தினாள். ஒரு விரலால் அவன் மோவாயைத் தொட்டு, முகத்தை மெதுவாக என் வீட்டுக்காரி பக்கம் திருப்பினாள். "பக், துஜி ஆயி ஆலி." பார், உன் அம்மா வந்துட்டா. என் வீட்டுக்காரி பட்டறையிலிருந்து வருகிற ஒவ்வொரு சாயங்காலமும் அந்த அம்மாள் இதைத்தான் செய்திருக்கிறாள், எங்களுக்குத் தெரியாமலே.

சொல்லிவிட்டு அவள் சும்மா இருந்தாள். நானாக இருந்தால் அதற்குள் பத்துத் தடவை "சொல்லு, சொல்லு" என்று பிடுங்கியிருப்பேன். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் உதடு கூடிற்று, பிரிந்தது, மறுபடி கூடிற்று.

"ஆயி" என்றான். தன் அம்மாவைப் பார்த்து. சிரித்துக்கொண்டு.

"என்னையா? என்னையா கூப்புடுதான்?" என்று கேட்டுக்கொண்டே என் வீட்டுக்காரி இடுப்புக் குடத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் மடியெல்லாம் கொட்டியது. பையன் அதில் போய் விழுந்து கையால் தப்புத் தப்பென்று அடித்தான்.

மச்சான் வாசலில் குந்தினார். பெட்டியைத் திறந்து பையன் சட்டைகளை வெளியே எடுத்தார். "மாப்ளே, எம் பெட்டியில எடம் பத்தல. இதெல்லாம் நீரே வச்சுக்கிடும்." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு தனியாக வி.டி.க்குப் போனார்.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் செய்தபடியே நாங்களும் செய்தோம். தண்ணீர் கொடுக்கும்போது தண்ணீர் என்று மட்டும் சொல்லுவோம்; கூட நாலு வார்த்தை சேர்க்க மாட்டோம். முகத்தைத் திருப்பிப் பார்க்கவைத்து, சொல்லிவிட்டுக் காத்திருப்போம். காத்திருப்பதுதான் கஷ்டம், பட்டறை கட்டுவதைவிடக் கஷ்டம். விருந்தாளி வந்தால் அவனை உள்ளே தள்ளிவிடாமல், செம்பைக் கையில் கொடுத்துத் தண்ணீர் கொடுக்கச் சொல்லுவோம். பாதி சிந்தும். சிந்தட்டும். வளர்ந்த பிறகு பட்டறையில் பெல்ட் பக்கிள்களைப் பித்தளை வேறு, இரும்பு வேறு என்று பிரித்துப் போடுகிற வேலை அவனுடையது. பிசகினதில்லை.

அந்த அம்மாள் குடும்பம் பின்னால் சுனாபட்டிக்குக் குடிபோய்விட்டது. கணபதிப் பண்டிகைக்குத் தவறாமல் மகனைக் கூட்டிப்போவேன். அவன் அவளையும் ஆயி என்றுதான் கூப்பிடுவான். என் வீட்டுக்காரிக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. "அவங்க குடுத்த பேருதானே" என்பாள்.

என்னை அவன் என்னவென்று கூப்பிடுகிறான் தெரியுமா? டப்பா. அப்பாவையும் அந்தத் தகர டப்பாவையும் சேர்த்து அவனாகவே கட்டிக்கொண்டது. பட்டறையில் வேலையாட்கள் முன்னாலேயே "டப்பா!" என்று கூப்பிடுவான். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கடை போர்டில் இருக்கிற பெயர் என்னைப் பெற்றவர்கள் வைத்தது. இது நான் சம்பாதித்தது.

ஒன்றுமட்டும் சொல்லி முடிக்கிறேன். அவன் பேசின கதையை யார் சொன்னாலும் அந்த மராத்திக்கார அம்மாளுக்கே முழுப் பெருமையும் போகிறது. போக வேண்டியதுதான், நானும் இன்றுவரை அவளைக் கும்பிடுகிறேன். ஆனால், அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கொடுத்தவள் அவள் என்றால், மழையிலும் வெயிலிலும் அந்தக் கக்கூஸ் வாசலில் குந்தி அதன் சத்தத்தை அவன் காதில் போட்டவன் நான். பாதிப் பெருமையை என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் கேட்டால், டப்பா என்றே எழுதுங்கள்.