மழை தூங்கினால் ஸ்னோ

சென்ற மாதம் உத்திரமேரூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், ஆறாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கையில் நாலு பக்கப் படிவம். ஆங்கில ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அது வகுப்பறை வரை வந்து சேர்ந்ததா என்று பார்த்து எழுதித் தருவது என் வேலை.

டீச்சர் பெயர் கிருபா. பக்கத்து ஊர்க்காரர். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு இவரைப் படிக்க வைத்தவர்கள். ஐந்து நாள் பயிற்சியிலும் வாயே திறக்கவில்லையாம்.

வகுப்புக்கு முன்னால் மெதுவாகச் சொன்னார். “சார், இந்த வருஷத்தோட இங்கிலீஷ் எனக்கு வேணாம்னு எழுதிக் குடுத்துடலாம்னு கீறேன். பயமா கீது சார்.”

படிவத்தைப் புரட்டினேன்.

அன்றைய பாடத்தில், ஏதோ ஒரு குளிர்தேசத்தில் ஒரு குடும்பம் ஸ்னோவில் பொம்மை செய்கிறது. பயிற்சியில் சொன்னபடி முழுக்க ஆங்கிலத்திலேயே நடத்தினார் கிருபா. பிள்ளைகள் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் வழியே ஏரிக்காற்று வந்து புத்தகப் பக்கங்களைத் தடவிக்கொண்டிருந்தது. வெளியே வயல்கள் பச்சையாக மிதந்தன. எனக்கே கண் சொருகியது...

“டீச்சர்!” முன் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பெயர் தேன்மொழி. “ஸ்னோன்னா பனின்னு கீழ போட்டுக் கீது. பனி எங்கப்பா வண்டி சீட்டு மேல ஈரமாத்தான் கீது. அத்த வெச்சி எப்டி டீச்சர் பொம்மை செய்றது?”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன். புத்தகத்தை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பிள்ளைகள் நடுவே வந்தார்.

“அது வேற பனி தேனு. ரொம்பக் குளிரான ஊர்ல மழைத்தண்ணி மேலயே உறைஞ்சி, பஞ்சு மாதிரி சத்தமே இல்லாம எறங்கும்.”

தேன்மொழி யோசித்தாள். “அப்போ மழை தூங்கிக்கினு வருதா டீச்சர்?”

வகுப்பு சிரிக்கவில்லை. எல்லோரும் அந்த ஊருக்கே போய்விட்ட மாதிரி இருந்தது.

“அதையே இங்கிலீஷ்ல சொல்லு பாக்கலாம்.”

“ரெயின்... ஸ்லீப். ஸ்னோ.”

“ரெயின் ஸ்லீப்ஸ். இட் ஈஸ் ஸ்னோ,” என்று போர்டில் எழுதினார் டீச்சர்.

அவ்வளவுதான். கைகள் உயர்ந்தன. பஸ் ஸ்லீப்ஸ், இட் ஈஸ் டிப்போ. லேக் ஸ்லீப்ஸ், இட் ஈஸ் சம்மர். ஒருத்தி எழுந்து, “மை ஃபாதர் ஸ்லீப்ஸ், இட் ஈஸ் சண்டே!” என்றாள். டீச்சரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

மணி அடித்ததும் அவர் முகம் மறுபடி வாடியது. “தமிழ்ல பேசிட்டேன் சார்... மார்க் கொறைச்சிடுவீங்களா?”

‘ஆசிரியர் ஆங்கிலம் மட்டுமே பேசினாரா?’ என்று கேட்டது படிவம். ‘இல்லை’ என்றுதான் குறித்தேன். பொய் எழுத முடியாதே! ஆனால், பின்பக்கம் முழுக்கப் பிள்ளைகள் சொன்ன வாக்கியங்களை எழுதினேன். அடுத்த பயிற்சியில் இவரைப் பாடம் எடுக்கச் சொல்லுங்கள் என்றும் சேர்த்தேன்.

மதிப்பீட்டுக் கூட்டத்தில் அதிகாரி புருவத்தை உயர்த்தினார். “இவங்களையா?” வாக்கியங்களைப் படித்துக் காட்டினேன். சண்டே வாக்கியம் வந்ததும் அவரும் சிரித்துவிட்டார். அடுத்த பயிற்சியில் கிருபா பாடம் எடுக்க ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள்.

எத்தனை பயிற்சி, எத்தனை பாடத்திட்டம் போடுகிறோம்... பனி என்றால் இந்தப் பிள்ளைக்கு எது என்று ஒருமுறையாவது கேட்டோமா?

முந்தாநாள் கிருபாவுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். தேதியைக் குறித்துக்கொண்டு கேட்டார்.

“சார்... ஒரு மணி நேரம் போதுமா?”