இடக்கை முடிச்சு

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிற இன்று வரிச்சிக்குடி வீட்டுக்கு வந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் எல்லோருக்கும் தங்கையின் வணக்கம். "நல்லதை மட்டும் எழுதும்மா, நாலு பேர் படிக்கிறது" என்று என் மகள் படித்துப் படித்துச் சொன்னாள். அண்ணனைப் பற்றி நல்லதுதான் எழுதப்போகிறேன். ஆனால் என்னைப் பற்றி உள்ளதைச் சொல்லாமல் அதை எழுத முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது இதே வீட்டில், கூடத்தை ஒட்டிய அறையில். அப்பா அம்மாவுக்குத் தலைப்பிள்ளை. எட்டு வருடம் கழித்து நான் பிறந்தேன். அவர் பிறவியிலேயே இடக்கைக்காரர். ஊரில் பீச்சாங்கை என்று கேலி செய்வார்கள். பள்ளிக்கூடத்தில் அடித்து அடித்து வலக்கையில் எழுத வைத்தார்கள். எழுத்து மட்டும்தான் வலக்கைக்குப் போனது. அரிவாள் பிடிப்பது, கயிறு முடிவது, பம்பரம் விடுவது எல்லாம் இடக்கையிலேயே நின்றுவிட்டன.

காரைக்காலில் படிப்பை முடித்ததும், பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பத்தில் அண்ணியைக் கட்டினார். இருபத்தேழு வயதில் பிரான்சுக்குப் போனார். அங்கே தபாலாபீசில் கடிதம் பிரிக்கும் வேலை. பனிக்காலத்தில் விடியுமுன் எழுந்து, இரண்டு ரயில் மாறிப் போய் வந்த வேலை. அந்தச் சம்பாத்தியத்தில்தான் இந்த வீட்டு ஓடு மாற்றியது, எனக்குக் கல்யாணம் நடந்தது. நாற்பத்தொரு வருடத்தில் ஊருக்கு ஐந்து முறை வந்திருப்பார். அப்பா போனபோது வந்தார். அம்மா போனபோது விமானம் கிடைக்காமல் மறுநாள் வந்து, வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

என் கதை எல்லோருக்கும் தெரியும். கணவர் போனபின் கைக்குழந்தையோடு இங்கே வந்தேன். தொடக்கப்பள்ளியில் டீச்சர் வேலை பார்த்துக்கொண்டே அப்பாவையும் அம்மாவையும் பார்த்துக்கொண்டேன், நிலத்தையும் பார்த்துக்கொண்டேன். பன்னிரண்டு மா, அதாவது நாலு ஏக்கர் நிலம், இந்த வீடு, பின்னால் தென்னந்தோப்பு. எல்லாம் பாகம் பிரிக்காமல் அண்ணன் பேரிலும் என் பேரிலும் சேர்ந்தே இருந்தது. அவர் தன் பாதியை விற்றால் வீட்டின் நடுவே கோடு விழும். இந்த வயதில் நான் எங்கே போவேன்? அந்த ஒரு பயம்தான் இந்தக் கட்டுரையில் நான் செய்யும் எல்லாக் கோணல் வேலைக்கும் காரணம்.

அண்ணி காலமாகி ஒரு வருடம் கழித்து, ஓர் ஆடி மாதம், இரண்டு பெட்டியோடு அண்ணன் வந்து இறங்கினார்.

"இங்கயே இருந்துடலாம்னு பாக்குறேன் பாப்பா" என்றார். எனக்கு அறுபது வயது. அவருக்கு நான் பாப்பாதான்.

"எத்தனை நாளைக்குண்ணே?"

"இருக்கிற வரைக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் எட்டிப் பார்க்காத மனிதருக்குத் திடீரென்று இந்த மண்ணின் மேல் என்ன பாசம்? பக்கத்து வீட்டு வசந்தா வேறு வேலியோரம் வந்து நின்றுகொண்டு, "சும்மாவா வருவாங்க? நெலம் என்ன வெலைக்குப் போவுதுன்னு தெரிஞ்சுகிட்டுத்தான் வந்திருப்பாங்க. காயிதமெல்லாம் உன் கைக்கு அடக்கமா இருக்கட்டும்" என்று தூபம் போட்டாள். வசந்தாவைக் குறை சொல்லி என்ன பயன்? அவள் சொல்லாவிட்டாலும் நான் அதையேதான் நினைத்திருப்பேன்.

முதல் வேலையாக, கால் மடக்க முடியவில்லை என்று, உட்கார்ந்து போகிற கழிவறை ஒன்று கட்டினார். என் முட்டிவலிக்கும் அது நல்லதுதான். ஆனால் விற்கப்போகிற வீட்டுக்கு வசதி செய்து விலையை ஏற்றுகிறார் என்றே நினைத்தேன். செவ்வாய்க்கிழமை தோறும் பஸ் ஏறிக் காரைக்கால் போய், கம்பு போல நீளமான ரொட்டி வாங்கி வருவார். ரொட்டி வாங்கவா இவ்வளவு தூரம் போகிறார், வேறு யாரையோ பார்க்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். பால் விடாத காப்பியைக் குடித்துக்கொண்டு வாசலில் நின்று வயலையே பார்ப்பார். அளக்கிறார் என்று நினைத்தேன்.

சந்தேகத்துக்குத் தீனி போடுவது போல ஒரு தரகர் காரில் வந்தார். அண்ணனும் அவரும் மாமரத்தடியில் அரை மணி நேரம் பேசினார்கள். காதில் ஏதாவது விழுமா என்று மோர் எடுத்துக்கொண்டு போனேன். என்னைக் கண்டதும் இரண்டு பேர் வாயும் மூடிக்கொண்டது.

"யாருண்ணே அது?"

"தெரிஞ்சவருதான்" என்றார்.

பிறகு வரப்பில் நடக்க ஆரம்பித்தார். காலில் ஷூ, கையில் நோட்டு. பத்தடிக்கு ஒரு முறை குனிந்து பார்ப்பார், குச்சி ஒன்று ஊன்றுவார், அலைபேசியில் படம் எடுப்பார், எழுதுவார். ஒரு நாள் வழுக்கி, இடுப்பளவு சேற்றோடு எழுந்து வந்தார். எங்களிடம் இருபது வருடமாக வேலை பார்க்கும் கலியபெருமாள், "பெரியய்யா, வரப்புல பூனை மாதிரி நடக்கணும், ரோட்டுல போறாப்புல போவக் கூடாதுங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லைக்குக் குச்சி நடுகிறார், பாகம் பிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

நோட்டு முழுக்கப் பிரெஞ்சு. அண்ணன் குளிக்கப் போன நேரத்தில் ஒரு பக்கத்தை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டேன். பிள்ளைகள் காப்பியடித்தால் காதைத் திருகிய டீச்சர்தான் நான். அதைக் காரைக்காலில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "கிழக்கு வரப்பு. நண்டு வளை ஏழு. இரண்டில் தண்ணீர் ஒழுகுது. கலியபெருமாள்கிட்ட சொல்லணும்." அவ்வளவுதான்.

"இதுக்காம்மா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கேட்டார்.

கடைமடைப் பக்கம் வரப்பில் நண்டு வளை இருந்தால் வயலில் தண்ணீர் நிற்காது. வளைக்கு வளை குச்சி நட்டு அடைத்ததால் அந்த வருடம் எங்கள் வயலில் தண்ணீர் நின்றது. என் மனம் மட்டும் நிற்கவில்லை. நண்டு வளைக்கு யாராவது நோட்டுப் போடுவார்களா? மற்ற பக்கங்களில் என்ன எழுதியிருக்கிறதோ?

தை மாதம் சம்பா அறுவடையானது. இப்போதெல்லாம் எந்திரம் வந்து அறுத்து, நெல் நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் கூடத்தில் ஓர் அம்பாரம் குவித்தோம். மறுநாள் காலை அண்ணன் சாணியைக் கரைத்துக் கொண்டுவந்து, இடக்கையால் அள்ளி, அம்பாரத்தின் மேல் மூன்று கோடு விட்டார். இளையவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தக் காலத்தில் களத்தில் குவித்த நெல்லுக்கு இப்படிச் சாணிப்பாலால் குறி போடுவார்கள். யாராவது கை வைத்தால் கோடு கலைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம்.

"யாரை நம்பாம குறி போடுறீங்க? இந்த வீட்டுக்குள்ள வர்றது நானும் கலியபெருமாளும்தான். நான் திருடியா, அவர் திருடரா?"

அண்ணன் கையில் சாணி வடிய நின்றார். "அய்யய்யோ, யாரு பாப்பா அப்படிச் சொன்னா? குறி போட்டாத்தான் நெல்லு வீடு வந்து சேந்துச்சுன்னு அர்த்தம்பாங்க அப்பா. சின்ன வயசுல அது என் வேலைதானே. அதான் போட்டேன்."

"அப்பா காலத்துல களத்துல நாப்பது பேரு நின்னாங்க. இப்ப யாரு இருக்கா?"

அவர் சாணிச்சட்டியை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டார்.

எனக்கும் குறி போடத் தெரியும் என்று அன்றைக்கே காட்டினேன். பத்திரங்கள் இருக்கும் தகரப் பெட்டி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பூட்டு கெட்டு வெகுநாளாயிற்று. மஞ்சள் கயிறு ஒன்றை எடுத்துக் கொண்டியில் கோத்து இறுக்கி முடிச்சுப் போட்டேன். அண்ணன் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்றுதான் போட்டேன். அவரோ லேசாகச் சிரித்துவிட்டுப் போனார்.

மாசியில் ஒரு நாள் பெருக்கும்போது பெட்டியை இழுத்துப் பார்த்தேன். முடிச்சு இருந்தது. ஆனால் அது என் முடிச்சு இல்லை. என் முடிச்சு வலப்பக்கம் புரளும், இது இடப்பக்கம் புரண்டிருந்தது. இந்த வீட்டில் இடக்கை யாருடையது என்று சொல்லவா வேண்டும்? உடனே அவிழ்த்துத் திறந்தேன். பத்திரங்கள் கட்டிய துணியை அவிழ்த்து ஒவ்வொன்றாக எண்ணினேன். பதினொன்றும் இருந்தன. அடியில் அம்மாவின் கூறைப்புடவை மடித்தது மடித்தபடி இருந்தது, அதைத் தொடவில்லை. படம் எடுத்துக்கொண்டு வைத்துவிட்டார் போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அதற்குப் பதில் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவேன். இரண்டு வருடம் அண்ணன் கூடத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். "குழம்பு நல்லாருக்கு பாப்பா" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். உள்ளேயிருந்து "ம்" என்பேன். அதை இன்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அந்த இரண்டு வருடத்தில் அவர் விவசாயம் கற்றுக்கொண்டார். ஷூவை விட்டு வெறுங்காலில் நடந்தார். காரைக்கால்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அக்காவிடம் பேரம் பேசித் தோற்றார். கலியபெருமாளின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஐந்து நாள் பகலில் போய்க் காவல் உட்கார்ந்தார். என்னை அம்பகரத்தூர் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தார். என்ன கையெழுத்துக் கேட்கப் போகிறாரோ என்று நான் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிவரை அவர் எதுவும் கேட்கவில்லை.

போன மாசியில் நெஞ்சுவலி என்றார். காரைக்காலில் சேர்த்தோம். மூன்றாம் நாள் சாயங்காலம் என்னை அருகில் கூப்பிட்டார்.

"பொட்டி இருக்கா பாப்பா?"

"எந்தப் பொட்டி?" தெரியாதவள் போலக் கேட்டேன்.

"உன் கட்டிலுக்கு அடியில இருக்கே, அது."

"இருக்கு. அதுக்கு இப்ப என்ன? உடம்பைப் பாருங்க" என்று வெடுக்கென்று சொன்னேன். சாகக் கிடக்கும்போதும் பத்திரத்து நினைப்பா என்று எனக்கு.

அதற்கும் சிரித்தார். "முடிச்சு நல்லா இறுக்கிப் போட்டு வையி" என்றார். மறுநாள் காலை நான் கஞ்சி கொண்டு போவதற்குள் போய்விட்டார்.

அண்ணன் மகன் பிரான்சிலிருந்து வந்து காரியங்களைச் செய்தான். இறப்பைத் தூதரகத்தில் பதிய அண்ணனின் பாஸ்போர்ட் வேண்டும் என்றார்கள். அறை முழுக்கத் தேடினோம், இல்லை. நான் அந்தத் தரகர் மேல் கூடச் சந்தேகப்பட்டேன். பிறகு அவன், "அத்தே, தாத்தா ஆயா பேரு சரியா எழுதணும். பத்திரத்துல இருக்குமா?" என்றான். அப்பன் போய்ப் பத்து நாள் ஆகவில்லை, பத்திரம் கேட்கிறான் பார் என்று என் புத்தி அப்போதும் போனது. எல்லோரும் பார்க்கட்டும் என்று பெட்டியைக் கூடத்தின் நடுவே கொண்டுவந்து வைத்துத் திறந்தேன். பத்திரக் கட்டை வேகமாக இழுத்ததில் கூறைப்புடவையும் சேர்ந்து வந்தது. அதன் மடிப்புக்குள்ளிருந்து பாஸ்போர்ட் விழுந்தது.

உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. அடி வாங்கிக் கற்றுக்கொண்ட வலக்கை எழுத்தில், தமிழில்:

"பாப்பா, இது உன் பெட்டியிலேயே இருக்கட்டும். எனக்குத் திரும்பிப் போகத் தோணினாலும், நானே வந்து கேட்டாலும் கொடுக்காதே."

கீழே, முடிச்சு மாறியிருந்த அந்த மாசி மாதத் தேதி. எண்ணியபோது குறைந்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன். கூடியிருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

அண்ணன் மகன் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, பழையபடி மடித்து என் கையில் கொடுத்தான். "அப்பா விக்கிறதுக்குத்தான் வந்தாங்க அத்தே. ஆறு மாசத்துல முடிச்சிட்டு வந்துடுறேன்னு சொன்னாங்க. உங்ககிட்ட அதைச் சொல்ல மனசு வராம, இங்கயே இருக்கப் போறதா சொல்லிட்டாங்களாம். அப்புறம் மாசியில போன் பண்ணி, டிக்கெட்டை ரத்து பண்ணுடான்னாங்க. நெல்லு வீடு வந்து சேந்துடுச்சு, நானும் சேந்துட்டேன்னாங்க. எனக்கு அப்ப புரியல" என்றான்.

நான் சந்தேகப்பட்டது சரிதான். ஆறு மாதம் வரைக்கும் சரி. அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் வீணாக்கிய ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் இந்தச் சபையில் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாளும் கூடவே இருந்த கலியபெருமாளுக்கும், பத்து நாளும் எங்கள் அடுப்பை மூட்ட விடாமல் சோறு கொண்டுவந்த வசந்தாவுக்கும், செய்தி கேட்டு மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலில் அழுத காரைக்கால்மேட்டு அக்காவுக்கும், நண்டு வளைச் சீட்டைப் படித்துச் சொன்ன பெரியவருக்கும், சான்றிதழ் வேலைகளுக்கு உடன் அலைந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. "இருக்கிறபடியே இருக்கட்டும் அத்தே" என்று நிலத்தையும் வீட்டையும் என் பொறுப்பில் விட்ட அண்ணன் மகனுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தையில் வீட்டு நெல்லுக்கு நானே சாணிப்பால் கரைத்துக் குறி போட்டேன். பாஸ்போர்ட்டை, இனிச் செல்லாது என்று துளை போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பழையபடி அம்மாவின் புடவைக்குள் வைத்து, பெட்டியைக் கட்டினேன். இடப்பக்கம் புரளும் முடிச்சாகவே போட்டேன். நாலு தடவை அவிழ்த்துப் போட்ட பிறகுதான் வந்தது.

அண்ணே, நீங்க சொன்னபடி நீங்களே வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன். ஒரே ஒரு தடவை வந்து கேளுங்க.